தொண்ணூற்றேழாம் வரிசையில் ஒரு மறு

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தில் பாக்கியவதியின் வீட்டில் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு தேடல் நடக்கும். அரசு மருத்துவமனையில் முப்பத்தோரு ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்ற அவர், புது வசன காலண்டரின் தாள்களைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கி, அதில் அச்சிட்டிருக்கும் வசன எண் சரிதானா என்று வேதாகமத்தைத் திறந்து ஒத்துப்பார்ப்பார். ஆண்டுதோறும் எங்கேயாவது ஓர் எண் பிசகியிருக்கும். ஏழு இருக்க வேண்டிய இடத்தில் எட்டு இருக்கும்; பதினாறு இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது இருக்கும். கண்டுபிடித்த வாரமே, அந்தக் காலண்டரைக் கணினியில் அச்சுக்கோத்த கற்பகவல்லிக்கு ஆள் போகும்.

"ஏ கற்பகம், கர்த்தரோட வார்த்தையவே நம்பர் மாத்திப் போட்டிருக்கியே, கை கூசல?"

"முந்நூத்தி அறுபத்தஞ்சுல ஒண்ணுதான, சிஸ்டரம்மா? ஊசி போடுறப்ப நீங்க ஒரு தடவகூட நரம்பு தப்பினதில்லையாக்கும்?"

"தப்பினா எடுத்துட்டுத் திரும்பக் குத்துவேன். நீ அடிச்ச பத்தாயிரம் காலண்டரத் திரும்பக் குத்துவியா?"

கற்பகவல்லி சிரித்துக்கொண்டே காபியை வாங்கிக்கொள்வாள். அந்தச் சிரிப்புக்கு வேறொரு பொருள் உண்டென்று பாக்கியவதியின் மகள் ஷைலாவுக்குத் தெரியவர இருபது ஆண்டுகள் ஆயின.

ஷைலாவும் கற்பகவல்லியும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. பள்ளி முடிந்ததும் கற்பகவல்லி சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தின் டிடிபி பிரிவில் சேர்ந்தாள். ஷைலா இயற்பியல் படித்து, அதே ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனாள். பள்ளி ஆசிரியராக இருந்த தந்தை சத்தியநாதனிடமிருந்து அவளுக்கு வந்தது நாட்குறிப்பு எழுதும் பழக்கம். எரிவாயு உருளை மாற்றிய தேதிகள் 2006ஆம் ஆண்டிலிருந்து அவளிடம் உண்டு. அம்மா கண்டுபிடிக்கும் காலண்டர்ப் பிழையையும் அவள் தவறாமல் குறித்து வைப்பாள். அது ஒரு குடும்ப வேடிக்கை, அவ்வளவுதான்.

2012இல், கல்லூரிப் பணியை விடாமலே, பேராசிரியர் நவநீதகிருஷ்ணனிடம் அவள் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தாள். விருதுநகரில் பருப்பு வணிகம் செய்த குடும்பத்திலிருந்து இயற்பியலுக்கு வந்த மனிதர் அவர். மாணவர்களை அதட்டத் தெரியாதவர் என்று பெயர். 2014இல் சத்தியநாதன் இறந்தபோது, வேறு மதம் என்று ஒதுங்கி நிற்காமல், பெட்டியின் ஒரு முனையைத் தம் தோளில் தாங்கிக் கல்லறைத் தோட்டம் வரை நடந்தார். "இனி உனக்கு அப்பா ஸ்தானத்துல நான் இருக்கேம்மா" என்று அன்று அவர் சொன்னதும் ஷைலாவின் நாட்குறிப்பில் இருக்கிறது.

அவள் எடுத்துக்கொண்ட பொருள், மிகுதியாக மின்னூட்டம் ஏறிய பேரியம் அயனிகளில் எலெக்ட்ரான் மறுசேர்க்கை. பட்டாசில் பச்சை நிறத்துக்குப் பேரியம் வேண்டும். அதைச் சேர்க்கக் கூடாதென்று நீதிமன்றம் தடை விதித்த பிறகு, அந்தச் சொல்லை ஊருக்குள் யாரும் உரக்கச் சொல்வதில்லை. கூச்சமில்லாமல் பேரியம் பேரியம் என்று பேசித் திரிந்தவள் ஷைலா ஒருத்திதான்.

ஆறு ஆண்டு உழைப்புக்குப் பின், 2019 பிப்ரவரியில், காலண்டர் சீசன் ஓய்ந்து அச்சகம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், முதலாளி ஜெயச்சந்திரனின் அனுமதியோடு ஆய்வேட்டைக் கற்பகவல்லியே கோத்துக் கொடுத்தாள். ஷைலா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எம்புட்டு டேபிள் புள்ள இதுல! பஞ்சாங்கம் தோத்துச்சு. இதெல்லாம் என்னன்னாவது சொல்லு. தெரியாம அடிச்சா கை ஓட மாட்டேங்குது."

"பேரியம் அணுவுக்கு ஐம்பத்தாறு எலெக்ட்ரான். அதுல ஐம்பத்து மூணப் புடுங்கிட்டு மூணே மூண மிச்சம் வைக்கிறாக."

"ஐயோ பாவம்."

"அப்படி உரிச்ச அயனிகள ஒரு வளையத்துக்குள்ள ஓட விடுறாக. ஜெர்மனியில இருக்கு. நூறு மீட்டருக்கு மேல சுத்து. குழாய்க்குள்ள காத்துகூடக் கிடையாது. ஒரு விநாடிக்குப் பத்து லட்சம் தடவைக்கு மேல சுத்தும்."

"நம்ம ரதவீதியில பொங்கல் கூட்டத்துக்கு அப்படி ஒரு வேகம் இருந்தா எப்படி இருக்கும்."

"கேளு. ஒரு இடத்துல மட்டும் எலெக்ட்ரான் கூட்டம் ஒண்ணையும் கூடவே ஓட விடுவாக. அயனி அதுல ஒண்ணப் புடிச்சுக்கும். சும்மா புடிக்காது. வர்ற எலெக்ட்ரான் கொண்டார சக்தி, உள்ள இருக்குற ஒண்ண ஒரு படி மேல ஏத்திவிட அளவாச் சரியா இருக்கணும். கூடினாலும் புடிக்காது, கொறஞ்சாலும் புடிக்காது. அந்தச் சரியான சக்தி எது எதுங்கிறதுதான் அஞ்சாவது டேபிள். நூத்தி அறுபத்து நாலு வரிசை. மத்ததெல்லாம் அதச் சுத்தித்தான்."

"புடிச்சிருச்சுன்னு எப்படித் தெரியும்?"

"ஒண்ணப் புடிச்சதும் மின்னூட்டம் ஒண்ணு கொறஞ்சிரும். அப்புறம் அத மத்ததோட சேத்து வளைக்க வளையத்துக் காந்தத்தால முடியாது. பாதை விலகி வெளிய வந்து விழும். விழுறத எண்ணுவாக."

கற்பகவல்லி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். "அட. அப்ப ஒண்ணச் சேத்துக்கிட்ட பாவத்துக்குக் கூட்டத்த விட்டு வெளிய போகணுமாக்கும்."

"பாவமெல்லாம் இல்ல. கணக்கு."

தமிழ்ச் சுருக்கத்தின் தலைப்பை அடிக்கும்போது கற்பகவல்லி ஒரு முறை விழுந்து விழுந்து சிரித்தாள். "எலெக்ட்ரான் மறுசேர்க்கையா? தலைப்புலயே மறு வச்சிருக்கியே!" மறு என்றால் இங்கே மறுபடியும் என்று பொருள் என ஷைலா விளக்கினாள். அதற்கும் அவள் சிரித்தாள்.

ஷைலா மூன்று முறை மெய்ப்பு பார்த்தாள். அளவுகோலை வரிசைக்குக் கீழே வைத்து, உரக்க வாசித்து, ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தாள். மூன்றாம் மெய்ப்பில் அவள் கையெழுத்திட்டது பிப்ரவரி 25. பிரதிகள் பைண்டிங் முடிந்து வந்தது பிப்ரவரி 28. செப்டம்பரில் வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டம் உறுதியானது. "அஞ்சாவது டேபிள் ஒண்ணு போதும்மா. உன் ஆயுசுக்கும் போதும்" என்றார் நவநீதகிருஷ்ணன்.

மறு ஆண்டு ஆய்வகத்தின் பழைய கணினியை மாற்றினார்கள். கணக்குப் போட்ட நிரல் தந்த மூல வெளியீடுகள் அதோடு போயின. ஷைலாவின் மடிக்கணினியும் அந்த ஆண்டே உயிரை விட்டது. அச்சான ஆய்வேடும், கணக்கின் படிகளைக் கையால் எழுதிய ஆறு நோட்டுகளும் மட்டும் அவளிடம் எஞ்சின. அச்சில் இருக்கிறதே, பிறகென்ன என்று அவள் நினைத்தாள்.

2022 ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு. புது ஆண்டுக்கான காலண்டர் மாதிரி ஆல்பங்கள் வெளியாகும் நாள் என்பதால் ஊரே பரபரப்பாக இருந்தது. அன்று ஷைலாவின் கல்லூரியில் நவநீதகிருஷ்ணனின் சிறப்புரை. பொன்னாடை போர்த்தியவள் ஷைலா, நன்றியுரையும் அவளுடையது. ஜெர்மனியின் வளையத்தில் பேரியம் அயனிகளை ஓடவிட்டு அளந்ததையும், அளவை வரைபடத்தில் சிகரங்கள் எழுந்த இடமெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்ட இடங்களோடு பொருந்தியதையும் அவர் விளக்கினார். பிறகு திரையில் ஓர் அட்டவணை வந்தது. நூற்று அறுபத்து நான்கு வரிசை. தலைப்பில், 2021இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரையின் குறிப்பு. ஆசிரியர் ஒருவரே: நவநீதகிருஷ்ணன்.

"இதப் போட்டு முடிக்க எனக்கு ஆறு வருஷம் ஆச்சு, பிள்ளைகளா" என்றார் அவர்.

தன் கையெழுத்தை வேறொருவர் காசோலையில் பார்த்தவள்போல ஷைலா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து போய் நன்றியுரை வாசித்தாள். எழுதி வைத்திருந்ததில் ஒரு சொல் மாற்றவில்லை. மாற்ற நேரமில்லை.

தேநீர் வேளையில் துறை அறையில் அவர் தனியாக இருந்தபோது கேட்டாள்.

"சார், அது என் அஞ்சாவது டேபிள்."

"இல்லன்னு யாரும்மா சொன்னா?"

"என் பேரு இல்லையே, சார்."

"ஏம்மா, ஒரு வீட்டுல பலகாரம் சுட்டா, சுட்டது யாரு, மாவாட்டுனது யாருன்னு தட்டுல எழுதியா வைக்கிறாக? வீட்டுப் பேருதான். நீ வேற, நான் வேறயா?"

"அப்ப என் பேரே போட்டிருக்கலாமே. நீங்க வேற, நான் வேற இல்லையே."

அவர் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. "வளையத்துக்காரங்க கேட்டப்ப நீ எங்கன இருந்த? பி.எஸ்சி. பிள்ளைகளுக்குப் பேப்பர் திருத்திட்டு இருந்த. அந்த டேபிள வெளிய கொண்டுபோனது நான். பேசாம இரு. அடுத்ததுல சேத்துக்கிறேன்."

அவள் பேசாமல் இருக்கவில்லை. செப்டம்பரில் பல்கலைக்கழகத்துக்குப் புகார் எழுதினாள். பதினொரு பக்கம், இருபத்து நான்கு இணைப்புகள். கேட்டது ஒன்றே ஒன்று: ஐந்தாம் அட்டவணை தன்னுடையது என்று பதிவாக வேண்டும்.

மூவர் குழு நவம்பரில் முதல் முறை கூடியது. நவநீதகிருஷ்ணன் எல்லாவற்றையும் மறுத்தார். கணக்கைத் தாம் தனியாக முன்பே போட்டு வைத்திருந்ததாகவும், தம் வரைவைப் பார்த்தே மாணவி எழுதியதாகவும், தம் வெளியீடுகள் பழைய கணினியோடு போய்விட்டதாகவும் அவர் சொன்னார். கணினியை மாற்றச் சொன்னது யார் என்று குழு கேட்கவில்லை. உங்களுடையது என்றால் மீண்டும் போட்டுக் காட்டுங்கள் என்று ஷைலாவிடம் சொன்னது.

ஷைலாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கல்லூரிக் கணினியில் நிரலை நிறுவி, ஆறு நோட்டுகளையும் விரித்து, மூன்று மாதங்கள் உழைத்தாள். வரிசை ஒன்று பொருந்தியது. வரிசை இரண்டு பொருந்தியது. ஒவ்வொன்றாகப் பொருந்தப் பொருந்த, இழந்த பொருள் கைக்குக் கை மாறித் திரும்பி வருவதுபோல இருந்தது. தொண்ணூற்றேழில் நின்றது. கணினி 84.316 என்றது. ஆய்வேட்டில் 84.319. நவநீதகிருஷ்ணனின் கட்டுரையிலும் 84.319.

நான்கு முறை போட்டாள். நான்கு முறையும் ஆறுதான். மீதி அறுபத்தேழு வரிசைகள் பிசகாமல் பொருந்தின.

மறைத்திருக்கலாம். மூன்றாம் தசம இடம். குழுவில் யாரும் தேடியிருக்க மாட்டார்கள். அவள் மறைக்கவில்லை. 2023 பிப்ரவரியில் குழுவின் முன் அதைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்தாள். நவநீதகிருஷ்ணன் அந்தத் தாளை வாங்கி நிதானமாகப் படித்தார்.

"ஏம்மா ஷைலா, உன் கணக்குல வராத நம்பர் உன் புக்குல எப்படி வந்துச்சு? எங்கிட்டருந்து எடுத்தாத்தானே வரும்?"

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பிலேயே பதில் இருந்தது. விளக்கம் தர ஆறு வாரம் கொடுத்தார்கள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் அவள் அச்சகத்துக்குப் போனாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கற்பகவல்லி டிபன் டப்பாவை அப்போதுதான் திறந்திருந்தாள்.

"வா புள்ள, சாப்பிட்டியா? முகமே சரியில்லையே."

ஷைலா ஆய்வேட்டின் நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தை விரித்து வைத்தாள். "இந்தப் பக்கத்தோட ஃபைல் உங்கிட்ட இருக்கா? ஒரு எடத்துல ஆறு ஒம்பதா விழுந்திருக்கு. மூணு ப்ரூஃப்லயும் நான் தப்ப விட்டேனான்னு பாக்கணும்."

கற்பகவல்லி பக்கத்தைப் பார்க்கவில்லை. டப்பாவை மூடினாள்.

"தொண்ணூத்தேழாவது வரிசை" என்றாள்.

"நான் வரிசை சொல்லலையே."

"நீ தப்ப விடல. மூணாவது ப்ரூஃப்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போன மறுநா, நான் வச்சேன்."

மேசையின் அடி இழுப்பறையிலிருந்து, அழுக்கேறிய நீல அட்டை நோட்டு ஒன்றை எடுத்தாள். அதற்கு மறு நோட்டு என்று பெயர். ஒரு அச்சகம் உழைத்துக் கோத்த காலண்டரை இன்னொருவர் அப்படியே எடுத்து அடித்துவிட்டால், அது தன்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? தொலைந்த பிள்ளையை உடம்பிலுள்ள மறுவைக் காட்டி அடையாளம் சொல்வதுபோல, யார் கண்ணிலும் படாத ஒரு தேதியில், யாருக்கும் கெடுதல் இல்லாத ஒரு சின்னப் பிழையை வேண்டுமென்றே வைப்பார்கள். சூரிய உதயத்தில் ஒரு நிமிடம், ஒரு புள்ளி, ஒரு எண். அந்தப் பிழை இன்னொருவர் காலண்டரில் இருந்தால், அது திருட்டு. மறு வைப்பவருக்கும் அந்த நோட்டுக்கும் மட்டுமே இடம் தெரியும்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லிட்டா அது மறு இல்ல, அச்சுப்பிழை. முதலாளிக்கே எந்தத் தேதியில வச்சிருக்கேன்னு தெரியாது. அவரும் கேக்க மாட்டாரு."

"இது காலண்டர் இல்ல, கற்பகம்."

"எனக்கு டேபிள்னா எல்லாம் ஒண்ணுதான். அடுத்தவன் தூக்கிட்டுப் போற சாமான். நீ ஆறு வருஷமா அதுக்குள்ளயே கிடந்த. எவனாவது தூக்கிருவான்னு எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஆறத்தான் கவுத்து வச்சேன். யாராவது கேட்டா தலகீழா விழுந்துருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"மூணு தடவ உக்காந்து ஒவ்வொரு நம்பருக்கும் புள்ளி வச்சேன். நீ பக்கத்துல உக்காந்து பாத்துட்டுத்தான இருந்த?"

"புள்ளிக்குப் பின்னாடி மூணாவது நம்பர்தான புள்ள. யாருக்கு என்ன கெட்டுச்சு?"

"எனக்கு."

கற்பகவல்லி டப்பாவை ஒதுக்கி வைத்தாள். "சரி, திட்டு. எம்புட்டு வேணாலும் திட்டு. ஆனா யோசிச்சுப் பாரு. அந்த ஒம்பது இந்த மேசையில பொறந்தது. உன் சார் கணக்குப் போட்டிருந்தா அவருக்கு ஆறுதான வந்திருக்கணும்? நான் வந்து சொல்றேன். நோட்டோட வர்றேன்."

ஷைலாவுக்கு அது விளங்காமல் இல்லை. தன்னைக் காப்பாற்றக்கூடிய ஒரே சான்று அதுதான் என்பதும் அதே நொடியில் விளங்கியது. ஆய்வேட்டை மூடி எடுத்துக்கொண்டாள். "ஏப்ரல் பன்னெண்டு, காலையில பத்து மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

ஏப்ரல் 12 அன்று கற்பகவல்லி பட்டுப்புடவை கட்டி வந்திருந்தாள். நீல நோட்டில் ஒரே ஒரு பக்கம் தவிர மற்றதையெல்லாம் பின் அடித்து மூடியிருந்தாள். திறந்திருந்த பக்கத்தில் ஒரு பதிவு: "26.2.19. ஷைலா புக். பக்கம் 118. வரிசை 97. கடைசி 6ஐக் கவுத்தாச்சு."

"மத்த பக்கத்த ஏம்மா பின் அடிச்சு வச்சிருக்கீக?" என்றார் குழுத் தலைவர்.

"அது வேற வீட்டுச் சங்கதி, ஐயா."

"இத நீங்க போன வாரம் எழுதலன்னு நாங்க எப்படி நம்புறது?" இது நவநீதகிருஷ்ணன். இந்த முறை அவர் குரலில் பலகார வீட்டு இனிமை இல்லை.

கற்பகவல்லி நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு முந்தைய பக்கத்தின் பின்களை நகத்தால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். விரல் நுனியில் ரத்தம் கசிந்தது. "இதுக்கு முந்துன பதிவு. இதுக்கு மேல கேக்காதீக. என் சோறு இதுல இருக்கு."

தலைவர் வாசித்தார்: "3.11.18. வசன காலண்டர். ஜூலை 14. எண் 16ஐ 19 ஆக்கியாச்சு."

ஷைலா எழுந்து நின்றுவிட்டாள். குழு கேட்டிருந்ததால் பழைய நாட்குறிப்புகள் அவள் பையில் இருந்தன. 2019ஆம் ஆண்டுக்குரியதை எடுத்து, ஜனவரி 20ஆம் தேதியைப் பிரித்து, தலைவரின் முன் வைத்தாள். "அம்மா இந்த ஆண்டுப் பிழையைக் கண்டுபிடித்தார்: ஜூலை 14, 16க்குப் பதில் 19. கற்பகம் வந்தாள். சிரித்தாள்."

இரண்டு பெண்கள் இரண்டு வீடுகளில் ஒருவருக்கொருவர் தெரியாமல் எழுதிய இரண்டு குறிப்புகள். நோட்டு உண்மையானது என்று நம்பக் குழுவுக்கு அதற்குமேல் சான்று தேவைப்படவில்லை. தலைவர் நவநீதகிருஷ்ணனின் பக்கம் திரும்பி, உங்கள் கணக்கில் ஒன்பது எப்படி வந்தது என்று கேட்டார். அவர் தண்ணீர் கேட்டார்.

ஷைலா வென்றாள். ஆனால் அந்த நொடியில் அவள் கண்ணில் பட்டது நாட்குறிப்பின் கடைசிச் சொல் மட்டும்தான். சிரித்தாள். இருபது ஆண்டு ஜனவரிகள் அந்தச் சொல்லுக்குள் இருந்தன. அம்மா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நாட்கணக்கில் தேடியதும், காபியும், ஊசிக் கதையும், எல்லாம்.

நடைபாதையில் நவநீதகிருஷ்ணன் அவளை நிறுத்தினார். "உங்க அப்பாவத் தூக்குன தோளும்மா இது. ஒரு நம்பருக்காக இம்புட்டுத் தூரம் கொண்டுவந்துட்டியே."

"அந்தத் தோள நம்பித்தான் சார் நான் வெளியீட்ட எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே வச்சேன்" என்றாள் ஷைலா.

திரும்பும் பேருந்தில் கற்பகவல்லி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விருதுநகர் தாண்டியது. ஆனைக்குட்டம் விலக்கு வந்தபோது கற்பகவல்லி முழங்கையால் இடித்தாள்.

"பேசு புள்ள. செயிச்சுட்டோம்ல."

"எத்தன இடத்துல வச்ச?"

"ஒண்ணுதான். ஒரு புக்குக்கு ஒண்ணுதான் வைக்கிறது."

"ஒண்ணுதான்னு நான் எப்படி நம்புறது?"

கற்பகவல்லியின் கை மடியிலிருந்த நோட்டுக்குப் போய் நின்றது. நோட்டைப் பார்க்கச் சொல்ல நினைத்திருப்பாள். நோட்டை எழுதியவளும் அவள்தானே. ஷைலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவகாசி வரை அப்படியே வந்து, பேருந்து நின்றதும் முன்வாசல் வழியாக இறங்கினாள். கற்பகவல்லி பின்வாசல் வழியாக இறங்கினாள்.

தீர்ப்பு ஜூலையில் வந்தது. முதல் பத்தி: ஐந்தாம் அட்டவணை ஷைலாவின் ஆய்வு, பேராசிரியர் தம் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும். இரண்டாம் பத்தி: மேற்படி அட்டவணையில் ஆய்வாளர் அறியாமல் ஒரு மதிப்பு வேண்டுமென்றே திரிக்கப்பட்டுள்ளது, ஆய்வேட்டின் ஆறு பிரதிகளிலும் முப்பது நாட்களுக்குள் திருத்தச் சீட்டு ஒட்ட வேண்டும். அவள் பெயரும் திரிபு என்ற சொல்லும் ஒரே தாளில், ஒரே எழுத்தளவில் இருந்தன. கேட்காமல் எடுத்தவர் ஒருவர். கேட்காமல் வைத்தவள் ஒருத்தி. முதலாமவரை வெறுப்பது அவளுக்கு எளிதாக இருந்தது.

திருத்தச் சீட்டை அவள் சிவகாசியில் அச்சிடவில்லை. விருதுநகரில் சங்கிலிமுத்து என்பவரின் சிறிய அச்சுக்கடைக்குப் போனாள்.

"சிவகாசியில இருந்து இங்கன வந்து அச்சடிக்கிறீகளா? அங்கன மிஷின் எல்லாம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சாக்கும்?" என்றார் அவர். நான்காவது மெய்ப்பு கேட்டபோது அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "நாலே நாலு வரிக்கு நாலு ப்ரூஃபா, டீச்சர்?"

ஷைலா கடையிலேயே நின்றாள். மெய்ப்பில் கையெழுத்திட்ட பிறகும் நகரவில்லை. ஆறு சீட்டும் அச்சாகி, மை உலர்ந்து, தன் கைக்கு வரும் வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்று, ஆறையும் தனித்தனியாக வாசித்தாள்: 84.319 என்பதை 84.316 என்று திருத்தி வாசிக்க.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆய்வேட்டில் பதினோரு அட்டவணைகள். குழு கேட்டது ஐந்தாவதை மட்டும்தான். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவள் முதல் அட்டவணையின் முதல் வரிசையிலிருந்து மீண்டும் கணக்குப் போடத் தொடங்கினாள். யாரும் கேட்கவில்லை. டிசம்பருக்குள் எட்டாவது அட்டவணை வந்துவிட்டாள். எல்லாம் பொருந்தின. ஒவ்வொன்று பொருந்தும்போதும் முன்புபோல மகிழ்ச்சி வரவில்லை. அடுத்த வரிசைதான் கண்ணில் நின்றது.

டிசம்பர் கடைசியில் கற்பகவல்லி வழக்கம்போலக் காலண்டரோடு வாசலுக்கு வந்தாள். வண்டிச் சத்தம் கேட்டதும் ஷைலா உள்ளறைக்குப் போய்விட்டாள். மறுவின் கதை அம்மாவுக்கும் இதற்குள் தெரியும். பேச்சு உள்ளறையிலும் கேட்டது.

"எம்மா, எத்தன மாசமாச்சு நீ வந்து. உக்காரு, காபி போடுறேன்."

"வேண்டாம், சிஸ்டரம்மா. குடுத்துட்டுப் போறேன். நோட்ட முதலாளி வாங்கி வச்சுக்கிட்டாரு. வெளிய கொண்டுபோய்ட்டேன்ல. மறு வைக்கிற வேலை இப்ப அவரு மருமகனுக்கு. ஆனா வசன காலண்டருக்கு மட்டும் வேண்டாம்னு அவர்கிட்ட நின்னு பேசி வாங்கிட்டேன். இந்த வருசம் தேடாதீக. ஒண்ணும் இல்ல. பக்கம் பக்கமா நானே பாத்தேன்." குரல் உள்ளறைப் பக்கம் திரும்பியது. "அவகிட்ட சொல்லிருங்க."

பாக்கியவதி சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தேடவும் செய்தார். 2024 லீப் ஆண்டு. முந்நூற்று அறுபத்தாறு தாள்கள். பதின்மூன்று நாட்கள் ஆயின. டிசம்பர் 31ஆம் தேதித் தாள்வரை வந்து, வேதத்தை மூடி, மகளின் மேசைக்கு வந்தார். ஷைலா ஒன்பதாம் அட்டவணையில் இருந்தாள்.

"பாத்துட்டேம்மா. ஒண்ணும் இல்ல. உனக்காகத்தான் சொல்லி வாங்கியிருக்கா. ஒரு தடவ போய்ப் பேசிட்டு வா."

ஷைலா பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"நீங்க கண்டுபிடிக்கலன்னு சொல்லுங்கம்மா" என்றாள். "இல்லன்னு சொல்லாதீக."

பாக்கியவதி மகளின் மேசையில் விரிந்து கிடந்த அட்டவணையைப் பார்த்தார். பிறகு கூடத்துக்குத் திரும்பிப் போய், கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதல் தாளிலிருந்து மீண்டும் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார்.